நடிகர்கள் எல்லோரையும் பிடித்தது, படத்தைத்தான் பிடிக்கவில்லை

சிம்மக்கல் சைக்கிள் | ஞாயிறு, இரவு 10.50

படத்தின் பெயரைச் சொல்லாமல்தான் எழுதப்போகிறேன். சொன்னால் நான்காவது பதிவுக்குள் நாயகனின் ரசிகர்கள் வந்து என் வம்சத்தையே விசாரிப்பார்கள், இந்த விவாத இழை அதோடு படுத்துவிடும். நம் மதுரையில் நடக்கிற கதை, இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, காதலும் சிரிப்பும் என்று சுவரெல்லாம் போஸ்டர். பார்த்தவர்களுக்கு இதுவே போதும். கதையைச் சொல்லித்தான் பேச முடியும், அதனால் பார்க்காதவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

நாயகன், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவரின் மகன். நாயகி சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து மேல மாசி வீதியில் கேக் கடை போடப்போகிறாள், இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இரண்டு அப்பாக்களும் ஒருகாலத்தில் கூட்டாளிகள், இப்போது முகத்தில் முழிப்பதில்லை. நாயகனின் அத்தை நாற்பத்தைந்து வயதில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார். வீட்டின் கண்ணை அவர் மேலிருந்து திருப்புவதற்காக இந்த இரண்டு பேரும் காதலிப்பதாக நடிக்கிறார்கள். நடிப்பு நிஜமாகிறது. இதுவரை எனக்குக் குறையே இல்லை. இடைவேளை முடிந்து பத்து நிமிஷத்தில், நாயகன் ஒரு பெண்ணோடு நின்று ஜிகர்தண்டா குடிப்பதை நாயகி பார்த்துவிடுகிறாள். அந்தப் பெண் அவனுடைய பெரியப்பா மகள். ‘யார்டா அது?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். கேட்கவில்லை. ஐம்பது நிமிஷம் கேட்கவே இல்லை.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், நடித்த ஒருவரைக்கூடக் குறை சொல்ல முடியவில்லை. நாயகன் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருக்கிறான். நாயகிக்கு வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கண்ணில் கேலி வந்துவிடுகிறது. அத்தையாக நடித்தவர் சும்மா முந்தானையைச் சரிசெய்தாலே சிரிப்பு வருகிறது. இரண்டு அப்பாக்களும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். கறி தோசைக் கடைக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? கூட்டத்தில் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார வேண்டியதாகிவிடுகிறது. பரிமாறுகிற பையன் மூலமாகவே பேசிக்கொள்கிறார்கள். ‘அவருக்குப் பிரஷர் இருக்கு, சால்னா ஊத்தாதே’ என்று இவர். ‘என் பிரஷரை என் பொண்டாட்டி பார்த்துக்குவா, ஊத்துடா’ என்று அவர். தியேட்டரே குலுங்கியது. அப்புறம் அப்படி ஒரு காட்சி வரவேயில்லை.

இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் வைத்துவிட்டு, சோறு போடுகிற ஆள் காணாமல் போன பந்தி மாதிரி இருந்தது. உங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது?

---

பால்கனி டிக்கெட் | ஞாயிறு, இரவு 11.05

டிக்கெட்டை விட பாப்கார்ன் அதிகமாகியிருக்குமே. நான்கு வாரம் பொறுத்திருந்தால் வீட்டிலேயே கைலியோடு படுத்துக்கொண்டு பார்த்திருக்கலாம்.

---

சிம்மக்கல் சைக்கிள் | ஞாயிறு, இரவு 11.09

பாப்கார்ன் மட்டுமா, பார்க்கிங்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். தியேட்டர் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தனி இழை போட வேண்டியிருக்கும்.

---

கூடல்நகர்க்காரி | திங்கள், காலை 7.30

எனக்குப் பிடித்திருந்தது. சொல்வதில் வெட்கமும் இல்லை.

நான் ஒரு மருத்துவமனையில் பில் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறேன். வாரம் ஆறு நாளும் என் முன்னால் வந்து நிற்கிற முகங்களில் ஒன்றாவது சிரித்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். யாரும் யாரையும் வெட்டவில்லை. மதுரைப் படம் என்றால் கட்டாயம் வரும் அருவாள் ஒரு காட்சியில்கூட இல்லை, இளநீர்க் கடையில்கூட! நல்ல முகங்கள் இரண்டு மணி நேரம் அழகாகப் பேசிக்கொண்டார்கள். அம்மா நாலைந்து இடத்தில் சத்தமாகச் சிரித்தார், அப்பா போன பிறகு நான் அதிகம் கேட்காத சிரிப்பு. கதையில் ஓட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் அண்ணா. எல்லாப் படமும் பரீட்சை எழுதியா பாஸாக வேண்டும்?

---

சிம்மக்கல் சைக்கிள் | திங்கள், காலை 8.15

தங்கச்சி, அம்மா சிரித்ததற்கு மேல் நான் என்ன சொல்ல? என் வீட்டிலும் சிரித்தார்கள். நான் அந்தப் படத்தை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் வாசலிலேயே துப்பிவிட்டுத் தூங்கியிருப்பேன். இரவு பத்தே முக்காலுக்கு உட்கார்ந்து இவ்வளவு நீளம் தட்டியதற்குக் காரணமே அந்த நடிகர்கள் மேல் வந்த பாசம்தான். நம் வீட்டுப் பிள்ளையை யாரோ வேலைக்குக் கூப்பிட்டு நாள் முழுக்க வெயிலில் சும்மா நிற்கவைத்து அனுப்பினால் வருமே, அந்தக் கோபம்.

---

மொக்குக்கூடை | திங்கள், மதியம் 1.20

இப்போதுதான் வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். நான் அந்தப் பூ மார்க்கெட்டில்தான் இருக்கிறேன், பதினாறு வருஷமாக. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாயகன் கடைக்கு எத்தனை மணிக்கு வருகிறான் என்று கவனித்தீர்களா? நல்ல வெயில் ஏறிய பிறகு, தலையெல்லாம் வாரிக்கொண்டு, கையில் காபியோடு. அந்த நேரத்துக்கு வந்தால் அவன் அப்பா செருப்பைக் கழற்றியிருப்பார். மல்லிகை மொக்காக இருக்கும்போது கைமாற வேண்டிய சரக்கு. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் விடியலுக்கு முன்னாலேயே பறிக்க ஆரம்பித்துவிடுவார்கள், மூட்டை வந்து இறங்கும்போது எங்களுக்கு இன்னும் லைட் வெளிச்சம்தான். சாயங்காலம் அது தலையில் விரிய வேண்டும். கடையிலேயே விரிந்துவிட்டால் விலை போச்சு. அதாவது எங்கள் தொழிலே ஒரு கடிகாரத்தோடு ஓடுகிற ஓட்டம். சிரிப்புப் படம் எடுக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? காதலிக்கிறவனுக்கு இரவு ஒரு மணி வரை போன் பேச ஆசை, மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டிய பிழைப்பு. எங்கள் கடைப் பையன் ஒருவன் காதலித்த காலத்தில் தராசு முன்னால் நின்றபடியே தூங்கியிருக்கிறான், பூவை நிறுக்கும்போது அவன் தலையும் தட்டில் விழும். எடை கூடுகிறதென்று வாங்க வந்தவர்கள் சண்டை போட்டார்கள். படத்தில் இதில் கால்வாசிகூட இல்லை.

இன்னொன்று. இடைவேளைக்கு முன்னால் நாயகி மேல் ஒரு கூடைப் பூவைக் கொட்டுகிறான். பாட்டு வேறு. கொட்டுகிற நாள் எது? மறுநாள் முகூர்த்தம் என்று அவன் அப்பாவே முந்தின காட்சியில் சொல்கிறார். வரத்து குறைந்த முகூர்த்த நாளில் கிலோ இரண்டாயிரம், மூவாயிரம் என்று போகிற பூ அது. மார்கழி, தை பனியில் செடி பூப்பதை நிறுத்திக்கொண்டால் அதற்கும் மேலே. ஒரு கூடையில் குறைந்தது ஐந்தாறு கிலோ பிடிக்கும், கணக்கை நீங்களே போடுங்கள். நான் சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா ஓடிவந்து தரையிலிருந்து ஒவ்வொரு மொக்காகப் பொறுக்குவார், காதலர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே அவரோடு சேர்ந்து பொறுக்குவார்கள், நாயகி ‘இது என்ன விலை மாமா’ என்று கேட்டதும் மூன்று பேருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று காத்திருந்தேன். அப்பா தூரத்திலிருந்து பார்த்துப் புன்னகைக்கிறார்! மதுரை மல்லிக்கு 2013ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இந்தப் படத்துக்கு அது வெறும் வெள்ளைத் தோரணம்.

---

ரெண்டாம் ஆட்டம் | திங்கள், மதியம் 1.41

‘எடை கூடுகிறதென்று’... அலுவலகத்தில் சத்தம் போட்டுச் சிரித்து மாட்டிக்கொண்டேன். அண்ணே, நீங்கள் கதை எழுதப் போங்கள்.

---

மொக்குக்கூடை | திங்கள், மதியம் 1.44

மூன்று மணிக்கு யார் எழுந்திருப்பது?

---

ஷேர் ஆட்டோ | திங்கள், மாலை 4.00

கடைசித் துரத்தலைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாயகி சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாள் என்று தெரிந்து நாயகன் சிம்மக்கல்லிலிருந்து பைக்கை எடுக்கிறான். சிம்மக்கல்லிலிருந்து ஜங்ஷன் எவ்வளவு தூரம்? நடந்தால்கூட அரை மணி நேரத்தில் போய்விடலாம். இவன் முதலில் வடக்கே பாலம் ஏறி வைகையைத் தாண்டுகிறான். பிறகு தெப்பக்குளத்தை ஒரு சுற்று. அடுத்த ஷாட்டில் பின்னால் யானைமலை. என் வண்டியில் இப்படி ஒரு சவாரியை ஏற்றியிருந்தால் பத்து நிமிஷத்தில் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அப்புறம் அந்த ரயில். பெட்டியில் வைகை எக்ஸ்பிரஸ் என்று பலகை, பிளாட்பாரத்தில் மஞ்சள் வெயில், சூரியன் சாய்கிறது. வைகை இங்கிருந்து காலை ஏழு மணிக்கு முன்னாலேயே கிளம்பிவிடும். இரவு வண்டி என்றால் பாண்டியன், அது ஒன்பது மணிக்கு மேல். வைகை 1977இலிருந்து ஓடுகிற வண்டி, ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

---

பால்கனி டிக்கெட் | திங்கள், மாலை 4.12

சினிமாவில் வரைபடத்தைத் தேடினால் எப்படி? அழகாக இருந்ததா, போதும்.

---

ஷேர் ஆட்டோ | திங்கள், மாலை 4.30

அழகாக இருந்தது. நான் சொல்வது வேறு. உண்மையான ஊரை வைத்தே அந்தத் துரத்தலைச் சிரிப்பாக எடுத்திருக்கலாம். சிம்மக்கல்லிலிருந்து ஜங்ஷன் பக்கம்தான், ஆனால் மாசி வீதிகள் வழியாக ஒரு முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள். ஒருவழிப் பாதை, லோடு வண்டி, நடு ரோட்டில் கன்றுக்குட்டி, ஜவுளிக்கடைப் பை பத்தைச் சுமந்துகொண்டு குறுக்கே வருகிற கல்யாண வீட்டுக் கும்பல், அதில் ஒருவர் ‘தம்பி, நீ அவர் மகன்தானே, அப்பா சௌக்கியமா?’ என்று ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொள்வார். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். பைக்கைப் போட்டுவிட்டு ஓடுவான், ரயிலும் போயிருக்கும். எதிரி தூரம் இல்லை, சொந்தக்காரர்கள்! இதை நாங்கள் தினமும் இலவசமாகப் பார்க்கிறோம்.

---

கத்தரிக்கோல் | திங்கள், இரவு 9.10

சென்னையில் சில வருஷம் படத்தொகுப்பு உதவியாளராக இருந்தேன். இப்போது திருநகரில் கல்யாண வீடியோ வெட்டுகிறேன், அதில் துட்டு ஒழுங்காக வருகிறது.

சிம்மக்கல் சொன்ன சால்னா காட்சியைத் தொழில் கண்ணோடு இரண்டாவது முறை பார்த்தேன். ஆமாம், டிக்கெட் எடுத்து, அதற்காகவே. அந்தக் காட்சி முழுக்கக் கேமரா மேஜைக்குப் பக்கவாட்டில் ஒரே இடத்தில் நிற்கிறது. இரண்டு அப்பாக்களும், நடுவில் சால்னா வாளியோடு பையனும், மூன்று பேரும் ஒரே சட்டத்துக்குள். பின்னணி இசை இல்லை, தோசைக்கல் சத்தம் மட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் என்ன ஆகிறது என்று நம் கண் தானாகவே போய்ப் பார்க்கிறது. அந்தப் போய்ப் பார்த்தலில்தான் சிரிப்பு.

மற்ற காட்சிகளில் என்ன நடக்கிறது? வசனம் பேசுகிறவர் முகம், வெட்டு. அடுத்தவர் வசனம், வெட்டு. கேட்கிறவர் முகத்துக்கு நேரமே இல்லை. நகைச்சுவை முக்கால்வாசி கேட்கிறவர் முகத்தில்தான் விளைகிறது. 1964இல் வந்த காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்வாரே, அறுபது வருஷம் கழித்தும் ஏன் சிரிக்கிறோம்? நாகேஷ் கதவு கிறீச்சிடுவதிலிருந்து எல்லாச் சத்தத்தையும் தானே போடுகிறார், ஆனால் நாம் பார்ப்பது பாலையாவை. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், ஒரு பணக்காரத் தகப்பன் கொஞ்சம் கொஞ்சமாகப் பயந்த பிள்ளையாவதைப் பார்க்கிறோம். அந்த முகத்தை வெட்டியிருந்தால் காட்சியே இல்லை.

இன்னொரு விஷயமும் அங்கே இருக்கிறது. மகனுக்கு அப்பாவிடமிருந்து பணம் வேண்டும், படம் எடுக்க. கதை சொல்வது அதற்காகத்தான். 1981 தில்லு முல்லுவில் நாயகன் இருப்பதாகப் பொய் சொல்கிற மீசை இல்லாத தம்பி ஏன் பிறந்தான்? பொய் வெளிப்பட்டால் முதலாளி வேலையை விட்டுத் தூக்கிவிடுவார். முதலாளியாக வரும் தேங்காய் சீனிவாசன் கண்ணை உருட்டும்போதெல்லாம் அந்தப் பயம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும். நம் படத்தில் பொய் வெளிப்பட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்லுங்கள். அத்தையின் கல்யாணத்துக்கு ஆபத்து என்கிறார்கள், ஆனால் இடைவேளைக்கு முன்னாலேயே வீட்டில் எல்லோரும் அத்தைக்குச் சம்மதம் சொல்லிவிடுகிறார்கள்! அதற்குப் பிறகு எதற்காக நடிக்கிறார்கள்? பாட்டு இரண்டு பாக்கி இருந்தது, அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இசையைப் பற்றி ஒரு வரி. ஒவ்வொரு ஜோக் முடிந்ததும் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வருகிறது. எடிட்டிங் மேஜையில் காட்சி சிரிக்கவைக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோனால்தான் அந்த டொய்ங் வரும். நானும் போட்டிருக்கிறேன், அதனால் தெரியும்.

---

ரெண்டாம் ஆட்டம் | திங்கள், இரவு 9.48

அண்ணே, எல்லாம் சரி. ஆனால் எப்போது பார்த்தாலும் பாலையா, நாகேஷ், தேங்காய் என்று ஆரம்பித்தால் எங்களை மாதிரி இருபத்துமூன்று வயதுக்காரர்கள் எங்கே போவது? அந்தக் காலத்திலும் மொக்கைப் படம் வந்திருக்கும், அதையெல்லாம் நீங்கள் மறந்துவிட்டீர்கள், நல்லது மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்தப் படத்தில் நாயகி அவனுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று அவன் போனிலேயே எண்ணுவாளே, அது எங்கள் வாழ்க்கை. அதற்கு நான் மட்டும்தான் தியேட்டரில் சிரித்தேன்.

---

கத்தரிக்கோல் | திங்கள், இரவு 10.02

தம்பி சொல்வது நியாயம், மொக்கைகள் நிறையவே வந்தன. அந்த ஸ்டேட்டஸ் காட்சியும் நல்ல காட்சிதான். பாதியில் வெட்டிவிட்டார்கள் பார்த்தாயா? அவள் எண்ணி முடிப்பதற்குள் ட்ரோன் ஷாட், மீனாட்சி கோபுரம்.

---

கரும்பலகை | செவ்வாய், காலை 6.05

வணக்கம். பள்ளியில் முப்பத்தொரு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பேத்தி கூட்டிப்போனதால் படத்தைப் பார்த்தேன்.

‘யார்டா அது என்று கேட்டால் படம் முடிந்துவிடும்’ என்று முதல் பதிவில் சொன்னது சிரிக்க வைத்தது, ஆனால் அங்கே எனக்கு ஒரு சின்ன மறுப்பு. காதலில் கேட்காமல் இருப்பதும், தப்பாக எடுத்துக்கொள்வதும் குற்றமில்லை. நம்மிடம் அதற்கு ஒரு அதிகாரமே இருக்கிறது. குறளில் 132ஆம் அதிகாரம், புலவி நுணுக்கம். வகுப்பில் காமத்துப்பாலை நாங்கள் எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுவோம், அதனால் பலருக்குத் தெரியாது. அவன் தும்முகிறான், அவள் வழக்கப்படி ‘நூறாண்டு’ என்று வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாய் மூடுவதற்குள் அழுகிறாள், எவள் நினைத்ததால் தும்மினாய் என்று. சரி, அடுத்த முறை தும்மலை அடக்கிக்கொள்கிறான். அதற்கும் அழுகிறாள், உன்னை நினைக்கிறவர்களை என்னிடம் மறைக்கிறாயா என்று. எல்லோரையும்விட உன்னிடம் காதல் அதிகம் என்கிறான். ‘யாரைவிட, யாரைவிட’ என்று பிடித்துக்கொள்கிறாள். சமாதானப்படுத்தப் போனால், மற்றவளையும் இப்படித்தான் சமாதானப்படுத்துவாயோ என்கிறாள். சும்மா உட்கார்ந்து அவளையே பார்க்கிறான். யாரை நினைத்துக்கொண்டு பார்க்கிறாய்? பாவம், அவன் மூச்சு விடுவதற்கும் இடமில்லை.

ஒவ்வொன்றும் இரண்டே வரி. இவ்வளவு அநியாயமான சந்தேகத்தையும் நாம் ரசிப்பது ஏன்? அவள் வாயை மூடிக்கொண்டு ரயில் ஏறவில்லை. கேட்கிறாள், கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சந்தேகம் அவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைக்கிறது. படத்தில் சந்தேகம் இரண்டு பேரையும் பிரித்து ஆளுக்கு ஒரு சோகப் பாட்டைக் கொடுத்துவிட்டது. இவ்வளவு நன்றாகச் சண்டை போடத் தெரிந்த ஒரு பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்து மழையைப் பார்க்கச் சொன்னால் எப்படி?

இந்த ஊரை எடுத்துக்கொண்டவர்கள் இந்த ஊரின் கல்யாணக் கதையையாவது நினைத்திருக்கலாம். ஊர் ஊராக ஜெயித்துக்கொண்டு கைலாயம் வரை படையோடு போனவள் தடாதகை, அதாவது நம் மீனாட்சி, சண்டைக்கு எதிரே வந்து நின்றவனைப் பார்த்ததும் வெட்கப்பட்டு நின்றாள் என்கிறது புராணம். அந்தக் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்த அண்ணன் அழகர், வைகைக்கு வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் போய்விட்டார் என்று ஊரில் சொல்கிறோம். தாமதமாக வந்து கோபித்துக்கொள்ளும் தாய்மாமனைப் பார்க்காத கல்யாண வீடு உண்டா? வருஷா வருஷம் பல லட்சம் பேர் அந்தக் கோபத்தைப் பார்க்க ஆற்றில் நிற்கிறோம்.

---

ஷேர் ஆட்டோ | செவ்வாய், காலை 6.40

ஐயா, அழகர் ஆற்றில் இறங்குவதையும் படத்தில் வைத்திருக்கிறார்களே. அத்தனை லட்சம் பேருக்கு நடுவில் நாயகனுக்கும் நாயகிக்கும் மட்டும் பத்தடி காலி இடம். நான் போன வருஷம் அங்கே ஒரு காலை மட்டும்தான் ஊன்ற முடிந்தது, இன்னொரு கால் எங்கே இருந்ததென்று அழகருக்குத்தான் தெரியும்.

---

தரை டிக்கெட் | செவ்வாய், காலை 10.30

நான் சொல்வது கொஞ்சம் வேறு. அறுபத்தெட்டு வயதாகிறது. சிரிப்புப் படம் முப்பது பேரோடு பார்க்கிற சரக்கில்லை. நான் போன காட்சியில் நாங்கள் அவ்வளவு பேர்தான் இருந்தோம், ஏசி சத்தம்தான் அதிகம். தங்கம் தியேட்டர் 1952இல் பராசக்தியோடு திறந்தது, 2563 இருக்கை. ஒரு மூலையில் ஒருவன் சிரித்தால் அது அலை மாதிரி இங்கே வந்து சேரும், என்ன ஜோக் என்று தெரியாமலே நாமும் சிரிப்போம். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை. சிந்தாமணியும் அப்படித்தான். 1937இல் பாகவதர் நடித்த படம் வசூலித்த லாபத்தில் கட்டி, படத்தின் பெயரையே வைத்த கொட்டகை. அங்கேயும் இப்போது சேலைதான். என் மனைவி அதில் ஒன்றை எடுத்துவந்து ‘நீங்கள் படம் பார்த்த இடத்தில் வாங்கியது’ என்றாள்.

அதனால் பாதிக் குற்றம் படத்தின் மேல், பாதி காலி நாற்காலிகள் மேல்.

---

நெறியாளர் | செவ்வாய், காலை 10.45

ஐயா, பழைய தியேட்டர்களுக்கு என்று தனி இழை ஓடுகிறது, நானூறு பதிவு தாண்டிவிட்டது. அங்கே வாருங்கள். இங்கே படத்தைப் பேசுவோம். பெயரைப் பதிவிட்ட இரண்டு பேரின் பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

கத்தரிக்கோல் | செவ்வாய், மதியம் 12.15

நாற்காலி காலியாக இருந்தால் சிரிப்பு குறையும், உண்மைதான். ஆனால் சால்னாவுக்கு அதே முப்பது பேர் சிரித்தார்களே.

---

கூடல்நகர்க்காரி | செவ்வாய், இரவு 8.50

எல்லோரும் சேர்ந்து என் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிட்டீர்கள். மொக்குக்கூடை அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பூக்கூடைக் காட்சியை நினைத்தால் எனக்கும் நெஞ்சு வலிக்கிறது.

யோசித்துப் பார்த்தால் எனக்கும் ஒரு மனக்குறை இருந்திருக்கிறது, சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். நாயகி எதற்கு ஊருக்கு வந்தாள்? கேக் கடை போட. முதல் அரை மணி நேரத்தில் மாவு, அடுப்பு, வாடகை, லைசென்ஸ், மாடி வீட்டு ஓனரிடம் பேரம் என்று எவ்வளவு கலகலப்பாக இருந்தாள். மாசி வீதியில் யார்மா கேக் வாங்குவார்கள் என்று ஓனர் கேட்கும்போது ‘உங்களுக்கு அறுபதாம் கல்யாணம் வருதுல்ல சார்’ என்று அளவெடுக்கிற மாதிரி அவரைப் பார்ப்பாளே, அந்தப் பெண்ணோடு நான் ஒரு வருஷம்கூட இருப்பேன். காதல் வந்த பிறகு கடை காணாமல் போய்விட்டது. ஒரு கேக்கைக்கூட அவள் விற்று நான் பார்க்கவில்லை. பையனுக்காவது பூக்கடை கடைசி வரை பின்னால் தெரிகிறது. இவளுக்கு அதுவும் இல்லை. ஒரு பெண் கனவை மறந்துவிட்டாள் என்பதை யாராவது ஒருவர் கவனித்து ஒரு வசனமாவது பேசியிருக்கலாம், குறைந்தது அந்த அத்தை.

இருந்தாலும் சிரித்ததைத் திருப்பித் தரமாட்டேன்.

---

சிம்மக்கல் சைக்கிள் | செவ்வாய், இரவு 9.20

திருப்பித் தர வேண்டாம் தங்கச்சி. நான் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்ததை நீயும் பூக்கடை அண்ணனும் சொல்லிவிட்டீர்கள். நான் அந்த ஜிகர்தண்டா காட்சியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னாலேயே அந்த ஆட்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. கவலை இருக்கிறவன் பேசினால்தான் சிரிப்பு வருகிறது. சால்னாவில்கூட ஒருவருக்கு மற்றவரின் பிரஷரைப் பற்றிக் கவலை, அதை ஒத்துக்கொள்ளக் கூச்சம். அதற்குப் பிறகு அந்தப் பெரிய மனிதர்கள் இரண்டு பேரையும் கல்யாண மண்டபத்தில் வரிசையாக நிற்கவைத்துக் கைதட்டச் சொல்லிவிட்டார்கள்.

மொக்குக்கூடை அண்ணே, ஒருநாள் விடியலில் மார்க்கெட்டுக்கு வந்து பார்க்கலாமா? பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன்.

---

மொக்குக்கூடை | புதன், அதிகாலை 3.35

தாராளமாக. நாலு மணிக்கு வாருங்கள். முகூர்த்த நாளாகப் பார்த்து வராதீர்கள், நடுவில் நின்றால் மூட்டையோடு சேர்த்து உங்களையும் தூக்கிவிடுவார்கள். இப்போது மூட்டை வந்துவிட்டது, போகிறேன்.

---

கூடல்நகர்க்காரி | புதன், இரவு 9.05

கடைசியாக ஒன்று. சோறு போடும்போது அம்மாவிடம் சும்மா கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை படம் எப்படிம்மா இருந்துச்சு என்று. நல்ல படம் என்றார். நாயகன் யார், எதற்குக் கோபித்துக்கொண்டார்கள், ரயில், மழை எதுவும் ஞாபகம் இல்லை. சால்னாவை மட்டும் சொல்லிச் சிரித்தார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ‘அந்தப் புள்ள கடைசியில கடையத் தொறந்துச்சா?’ என்று கேட்டார்.

இல்லைம்மா, காட்டவில்லை என்றேன்.

‘அப்ப அட்வான்ஸ் போச்சா?’